பொறுப்பைக் கொடுத்தாயிற்று, அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

ஜூன் 3, காலை (இணைய மன்றத்தில் ஒருவர் கேட்ட கேள்வி; அடுத்து வருபவை என் பதில்கள்)

எட்டுப் பேர் கொண்ட குழுவுக்குத் தலைவராகிச் சில மாதங்கள் ஆகின்றன. வேலையை எல்லாம் பிரித்துக் கொடுத்துவிட்டேன். யாருக்கு எது என்று அட்டவணை போட்டு எல்லோருக்கும் அனுப்பியும் இருக்கிறேன். ஆனாலும் காலையில் இருக்கையில் உட்கார்ந்தது முதல் மாலை வரை ஒருவர் மாற்றி ஒருவர் வந்து நிற்கிறார்கள். 'இப்படிச் செய்யலாமா, அப்படிச் செய்யலாமா' என்று கேட்டபடியே இருக்கிறார்கள். என் வேலையை இரவில்தான் பார்க்க முடிகிறது. அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பதெல்லாம் கெட்டிக்காரர்கள் நிறைந்த குழுவுக்குத்தான் ஒத்துவரும், சராசரிக் குழுவில் முடிவுகள் ஒருவர் கையில் இருப்பதே மேல் என்று நினைக்கத் தொடங்கியிருக்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஜூன் 3, இரவு

மறுக்கிறேன். நீங்கள் பிரித்துக் கொடுத்தது வேலையை மட்டும்தான். முடிவெடுக்கும் உரிமை இன்னும் உங்கள் மேசையிலேயே இருக்கிறது. அதனால்தான் அவர்கள் அங்கே வருகிறார்கள்.

ஒன்று செய்து பாருங்கள். நாளை ஒரு தாளை வைத்துக்கொண்டு, உங்களிடம் வருகிறவர் கேட்பதை அப்படியே எழுதுங்கள். மாலையில் படித்தால் இரண்டு வகை தெரியும். 'இதை எப்படிச் செய்வது?' என்பது ஒரு வகை. 'இதைச் செய்யலாமா?' என்பது இன்னொரு வகை. முதல் வகை அதிகமாக இருந்தால் பயிற்சி போதவில்லை, உங்கள் கட்சி கொஞ்சம் சரி. இரண்டாவது வகை அதிகமாக இருந்தால் அவர்களுக்கு விடை தெரியும், அனுமதிதான் இல்லை. அதைச் சராசரிக் குழு என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஜூன் 4, காலை

இரவு எழுதியது சுருக்கமாகப் போய்விட்டது. இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு வேகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தலைவராவதற்கு முன்பு ஓர் இடத்தில் மென்பொருள் வெளியீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாரம் ஒரு முறை புதிய பதிப்பு வாடிக்கையாளர்களுக்குப் போகும். 'இனி வெளியீடு உங்கள் பொறுப்பு' என்றார் குழுத் தலைவர். நல்ல மனிதர், நம்பித்தான் கொடுத்தார். ஆனால் எந்தத் திருத்தத்தைச் சேர்ப்பது, எதை நிறுத்துவது, தேதியைத் தள்ளலாமா என்பது மூன்றும் அவரிடமே இருந்தன. என்னிடம் வந்து சேர்ந்தது, தவறு நடந்தால் பதில் சொல்லும் கடமை மட்டும்.

ஒரு நாள் வெளியீட்டுக்கு முந்தைய மாலை, பில் அச்சிடும் பகுதியில் ஒரு சோதனை தோற்றுக்கொண்டே இருந்தது. சில சமயம் சரியாக வரும், சில சமயம் கடைசி வரியில் தொகை விடுபட்டுப் போகும். காரணம் பிடிபடவில்லை. அந்தத் திருத்தத்தை இந்த வாரம் விட்டுவிடலாம் என்று சொன்னேன். விற்பனைப் பிரிவைச் சேர்ந்தவர் என் மேசைக்கு முன்னால் நின்று கேட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை வாதாடவில்லை. நேராக நடந்து தலைவர் அறைக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் போனைப் பார்த்துக்கொண்டே, 'சேர்க்கச் சொல்லிவிட்டார்' என்றார். அவ்வளவுதான், அது முடிவாகிவிட்டது. மறுநாள் தொகை இல்லாத பில்கள் அச்சாகி வந்தபோது வாடிக்கையாளரின் அழைப்பு என் இணைப்புக்கு வந்தது.

அன்றைக்கு மாலை நடந்ததில் எனக்கு வலித்தது, அவர் என் முடிவை மாற்றியது அல்ல. தலைவருக்கு மாற்றும் உரிமை உண்டு. அந்த விற்பனைக்காரர் என்னிடம் வாதாடக்கூட மெனக்கெடவில்லை என்பதுதான். என்னிடம் அதிகாரம் இல்லை என்பது அந்தத் தளத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அதிகாரமும் பொறுப்பும் சேர்ந்தே போக வேண்டும் என்று பிரெஞ்சுச் சுரங்கப் பொறியாளர் ஆன்றி ஃபயோல் 1916-லேயே நிர்வாகத்தின் அடிப்படைகளில் ஒன்றாக எழுதிவைத்துவிட்டார். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் பொறுப்பு மட்டும் கீழே இறங்குகிறது, அதிகாரம் மேலேயே தங்கிவிடுகிறது.

ஜூன் 4, மாலை

'அதிகாரத்தை யாரும் தட்டில் வைத்துத் தர மாட்டார்கள், கேட்டுத்தான் வாங்க வேண்டும்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி ஒப்புக்கொள்கிறேன். பொறுப்பைத் தரும்போதே 'எதை நானே முடிவு செய்யலாம்?' என்று கேட்பது நல்ல பழக்கம். என் குழுவுக்கு வருகிறவர்களிடம் அதைக் கேட்கச் சொல்கிறேன். ஆனால் இந்த இழையில் கேள்வி கேட்டவர் தலைவர். கொடுக்க வேண்டிய இடத்தில் இருப்பவரிடம் 'வாங்குகிறவன் கேட்கட்டும்' என்று சொல்வது சரியில்லை.

ஜூன் 6

இரண்டு நாளாக யோசித்ததில் ஒன்று தெளிவாகிறது. அதிகாரத்தை ஒப்படைப்பது என்றால் இரண்டு பேருக்கு இடையே நடக்கும் விஷயம் என்றே எல்லோரும் எழுதுகிறோம். தலைவர் கொடுக்கிறார், உறுப்பினர் பெறுகிறார். அது போதாது. மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். பக்கத்துக் குழுக்காரர், விற்பனைக்காரர், வாடிக்கையாளர், மேலாளர். அதிகாரம் செல்லுபடியாகிறதா என்பதை முடிவு செய்வது அந்த மூன்றாவது ஆள்தான். தனியறையில் கூப்பிட்டு 'இனி எல்லாம் நீங்கள்தான்' என்று தோளைத் தட்டிக் கொடுப்பதால் ஒன்றும் நகராது. யார் இனி முடிவு செய்வார் என்பது அந்த முடிவால் பாதிக்கப்படுகிற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

விமானத்தில் இதை எவ்வளவு கண்டிப்பாகச் செய்கிறார்கள் பாருங்கள். இரண்டு விமானிகளில் ஒருவர் மற்றவரிடம் விமானத்தை ஒப்படைக்கும்போது 'கட்டுப்பாடு உங்களிடம்' என்று வாய்விட்டுச் சொல்கிறார். மற்றவர் 'கட்டுப்பாடு என்னிடம்' என்று வாய்விட்டு ஏற்கிறார். பயிற்சியில் முதலாமவர் இன்னொரு முறை 'கட்டுப்பாடு உங்களிடம்' என்று உறுதி சொல்லும் வழக்கமும் உண்டு. அருகருகே உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர், ஒருவர் கையை ஒருவர் பார்க்க முடிந்த தூரம். அங்கேயே சைகையை நம்புவதில்லை. தானே பிடித்திருப்பதாக இருவரும் நினைப்பதும் ஆபத்து, மற்றவர் பிடித்திருக்கிறார் என்று இருவரும் விட்டுவிடுவதும் ஆபத்து. அலுவலகத்தில் இந்த இரண்டையும் அன்றாடம் பார்க்கிறேன். இரண்டாவதுதான் அதிகம்.

ஜூன் 7

பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனைப் பற்றி ஒருவர் எழுதியிருப்பது நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அதை 'துணிந்து நம்பினார், வென்றார்' என்று சுருக்கிவிட்டார். நடந்தது அதைவிடச் சுவாரசியமானது.

1805 அக்டோபர் 21, ஸ்பெயின் கடற்கரையை ஒட்டி நடந்த டிரஃபால்கர் கடற்போர். பிரிட்டன் பக்கம் 27 பெரிய போர்க்கப்பல்கள், எதிரே பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்கள் 33. அந்தக் காலத்தில் கப்பலுக்குக் கப்பல் கட்டளை போவது கொடிகளால். பீரங்கிப் புகை சூழ்ந்துவிட்டால் கொடி தெரியாது. அதாவது போர் தொடங்கிய பிறகு தளபதியைக் கேட்க வழியே இல்லை. நெல்சனுக்கு அது தெரியும். அதனால் முந்தைய வாரங்களில் கப்பல் தலைவர்களைத் தன் கப்பலுக்கு விருந்துக்கு அழைத்துத் திட்டத்தை நேரில் விளக்கினார். அக்டோபர் 9-ஆம் தேதி எழுத்திலும் கொடுத்தார். கொடி தெரியாமலோ புரியாமலோ போனால் எதிரிக் கப்பலோடு தன் கப்பலை ஒட்டி நிறுத்துகிற தலைவர் பெரிதாகத் தவறிவிட மாட்டார் என்ற கருத்தும் அதில் இருந்தது. இரண்டாவது அணியைத் துணைத் தளபதி காலிங்வுட்டிடம் ஒப்படைத்திருந்தார். பிற்பகல் ஒன்றே கால் மணி அளவில் நெல்சன் குண்டடிபட்டு விழுந்தார், நான்கரை மணி அளவில் இறந்தார். அவர் கீழ்த்தளத்தில் கிடந்த அந்த மூன்று மணி நேரத்தில் போர் நிற்கவில்லை. பிரிட்டன் ஒரு கப்பலைக்கூட இழக்கவில்லை.

நான் பார்ப்பது அந்த விருந்துகளை. ஒவ்வொரு தலைவருக்கும் தனித்தனியாகச் சொல்லியிருக்கலாம். கூட்டிவைத்துச் சொன்னதால், தனக்கு என்ன உரிமை என்பதோடு பக்கத்துக் கப்பல்காரருக்கு என்ன உரிமை என்பதும் ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. நேற்று சொன்ன மூன்றாவது ஆள் இங்கே பக்கத்துக் கப்பல்.

ஜூன் 7, இரவு

'போர் வேறு, அலுவலகம் வேறு' என்ற மறுப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். வந்துவிட்டது. வேறுதான். அலுவலகத்தில் புகை இல்லை, தலைவரை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். அதுவே சிக்கல். நெல்சனின் தலைவர்கள் கேட்க முடியாததால் முடிவெடுத்தார்கள். நம்மவர்கள் கேட்க முடிவதால் கேட்கிறார்கள்.

ஜூன் 8

டொயோட்டா தொழிற்சாலையில் 'எந்தத் தொழிலாளியும் சிக்கலைக் கண்டு எச்சரிக்கைக் கயிற்றை இழுத்தால் மொத்த உற்பத்தி வரிசையும் அந்த நொடியே நின்றுவிடும்' என்று இங்கே ஒருவர் எழுதியதைத் திருத்த வேண்டும். இழுத்ததும் விளக்கு எரியும், ஒலி கேட்கும், அணித் தலைவர் அங்கே வருவார். வண்டி அந்த நிலையத்தின் எல்லைக்கோட்டைத் தொடுவதற்குள் சிக்கல் தீர்ந்தால் வரிசை ஓடிக்கொண்டே இருக்கும். தீராவிட்டால்தான் நிற்கும்.

திருத்தம் சின்னதாகத் தெரியலாம், ஆனால் நம் விவாதத்துக்கு அதுவே முக்கியம். தொழிலாளிக்கு நிறுத்தும் உரிமை உண்டு, அதைச் செலுத்தும்போது உதவிக்கு ஆள் வருவது உறுதி. இரண்டும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன. நம் இடங்களில் உரிமையைக் கொடுக்கிறவர்கள் உதவியை விலக்கிக்கொள்கிறார்கள் ('உங்களிடம் கொடுத்துவிட்டேனே, பிறகு என்ன?'). உதவி செய்கிறவர்கள் உரிமையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள் ('நகருங்கள், நான் பார்க்கிறேன்').

ஜூன் 9

எல்லை எவ்வளவு என்று பலர் கேட்கிறார்கள். எண்ணாகச் சொல்ல முடிந்தால் எண்ணாகச் சொல்லிவிடுங்கள். ரிட்ஸ் கார்ல்டன் ஓட்டல்களில் ஓர் ஊழியர் மேலாளரைக் கேட்காமலே ஒரு விருந்தினரின் குறையைத் தீர்க்க 2,000 டாலர் வரை செலவிடலாம் என்பது பரவலாகத் தெரிந்த விஷயம். அந்தத் தொகை பெரிதா சிறிதா என்பதைவிட, அது தொகையாக இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். 'பார்த்து நியாயமாகச் செய்யுங்கள்' என்று சொல்லியிருந்தால் ஊழியர் பத்து டாலருக்கும் தயங்குவார். எல்லை தெளிவாக இருந்தால் அதன் விளிம்பு வரை தைரியமாக நடக்கலாம்.

எண் கிடைக்காத இடத்தில் என்ன செய்வது? அமேசானின் பங்குதாரர்களுக்கு 2015-ஆம் ஆண்டுக்காக எழுதிய கடிதத்தில் ஜெஃப் பெசோஸ் முடிவுகளை இரண்டாகப் பிரித்தார். ஒரே பக்கம் திறக்கும் கதவு போன்றவை, போனால் திரும்ப முடியாது. இரு பக்கமும் திறக்கும் கதவு போன்றவை, பிடிக்கவில்லையென்றால் திரும்பி வந்துவிடலாம். இரண்டாவது வகைக்கும் முதல் வகைக்கான கூட்டமும் கையெழுத்தும் கேட்பதால்தான் பெரிய நிறுவனங்கள் மெதுவாகின்றன என்பது அவர் வாதம். என் அளவுகோல் ஏறக்குறைய இதுதான். ஒரு வாரத்துக்குள் மாற்றிவிட முடிகிற எதையும் என்னிடம் கொண்டுவர வேண்டாம் என்று குழுவில் சொல்லிவைத்திருக்கிறேன்.

அறிவிப்பு எப்படி எழுதுவது என்று கேட்டவருக்கு, நான் தலைவரான பிறகு வெளியீட்டுப் பொறுப்பை ஓர் இளைய பொறியாளரிடம் கொடுத்தபோது எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பிய மின்னஞ்சலின் சாரம் இது:

'வரும் திங்கள் முதல், வாராந்திர வெளியீட்டில் எந்தத் திருத்தம் போகும், எது போகாது என்பதை இவர் முடிவு செய்வார். வெளியீட்டை ஒரு வாரம் வரை தள்ளிவைக்கவும் இவருக்கு உரிமை உண்டு. அதற்கு மேல் தள்ளிவைப்பது, வாடிக்கையாளரின் தரவை மாற்றும் திருத்தங்கள் ஆகிய இரண்டுக்கு மட்டும் என்னைக் கலந்துகொள்வார். இது தொடர்பாக என்னிடம் வருகிறவர்களை இவரிடமே அனுப்புவேன்.'

கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் மேலே உள்ள எதற்கும் மதிப்பில்லை. அனுப்புவதற்கு முன் அவரிடம் காட்டினேன். 'ஒரு வாரம் வரை' என்ற இடத்தில் அவர் விரலை வைத்து, 'நிஜமாகவா?' என்று கேட்டார். பெயர் போட்டு வருகிற வாழ்த்தைவிட அந்த மூன்று சொற்கள் அவரை நிமிர்ந்து உட்கார வைத்தன.

ஜூன் 10

நேற்று எழுதியதில் ஒரு நெருடல். 'ஒரு வாரத்துக்குள் மாற்ற முடிகிற எதையும் என்னிடம் கொண்டுவர வேண்டாம்' என்பது அனுபவசாலிக்குப் பொருந்தும். நேற்று வந்து சேர்ந்தவரிடம் அதையே சொன்னால் நடுக்கடலில் விட்ட மாதிரி ஆகிவிடும். எது மாற்ற முடிகிறது, எது முடியாது என்று பிரித்துப் பார்க்கவே அவருக்கு இன்னும் தெரியாது.

செவிலியர் துறையில் இதைச் சீராக யோசித்திருக்கிறார்கள். ஒரு வேலையை இன்னொருவரிடம் ஒப்படைக்கும் முன் ஐந்தைச் சரிபார்க்க வேண்டும் என்று கற்றுக்கொடுக்கிறார்கள்: வேலை ஒப்படைக்கத் தக்கதா, நோயாளியின் நிலை அதற்கு இடம் தருகிறதா, ஆள் தகுதியானவரா, அறிவுறுத்தல் தெளிவாக இருக்கிறதா, மேற்பார்வை இருக்கிறதா. என் கண்ணில் படுவது இரண்டாவது. அதே வேலை, அதே ஆள், ஆனால் நோயாளியின் உடல்நிலை மாறிவிட்டால் ஒப்படைப்பு செல்லாது. நாமோ ஆளைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறோம். வழக்கமான வாரத்தில் வெளியீட்டை முடிவு செய்யக் கொடுத்தது, பெரிய வாடிக்கையாளர் ஒருவர் புதிய முறைக்கு மாறும் வாரத்திலும் அப்படியே பொருந்துமா என்று யாரும் யோசிப்பதில்லை. அந்த வாரம் நெருங்கும்போது அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும், முன்கூட்டியே. நடுவில் போய்ப் பிடுங்குவது வேறு.

ஜூன் 12

'நீங்கள் கொடுத்த ஆள் உங்களுக்குப் பிடிக்காத முடிவை எடுத்தால்?' இதுதான் இந்த இழையில் வந்த கேள்விகளிலேயே கடினமானது. எடுத்தார்.

மேலே சொன்ன இளைய பொறியாளர், பொறுப்பேற்றுச் சில வாரங்களிலேயே ஒரு வெளியீட்டை நிறுத்தினார். இரண்டு திருத்தங்கள் ஒன்றையொன்று பாதிக்கின்றன என்பது அவர் காரணம். அவர் குறிப்பைப் படித்தேன். என் கணிப்பில் அது போகக்கூடிய வெளியீடு, ஆபத்து குறைவு. நானாக இருந்தால் அனுப்பியிருப்பேன். அன்று பிற்பகல் விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர் என் அறைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்.

பழைய இடத்தில் அந்த விற்பனைக்காரர் அறைக்குள் போய்த் திரும்பிய காட்சி எனக்கு அப்போது நினைவில் இருந்தது. 'அவர்தான் முடிவு செய்கிறார். உங்கள் வாக்கு, அதன் தேதி, வாடிக்கையாளர் கேட்டது எல்லாவற்றையும் அவரிடம் சொல்லுங்கள். அவருக்கு அது தெரியாமல் இருக்கலாம்' என்றேன். இன்னும் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். நான் வேறெதுவும் சேர்க்கவில்லை. எழுந்து போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன், அந்தப் பொறியாளரின் மேசைக்குப் பக்கத்தில் நின்று பேசத் தொடங்கினார். பேச்சு நீண்டது. பொறியாளர் திரையைத் திருப்பிக் காட்டினார். கடைசியில் அந்த வாடிக்கையாளருக்கு மட்டும் தேவையான திருத்தத்தைத் தனியாக அனுப்புவது என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். எனக்குத் தோன்றாத வழி அது, ஏனென்றால் அந்த இரண்டு திருத்தங்களையும் பிரிக்க முடியும் என்பது வேலையைக் கையில் வைத்திருந்தவருக்குத்தான் தெரியும்.

முழு வெளியீட்டையும் அனுப்பியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காமல் இருக்கலாம். அதனால் அவர் வென்றார், என் கணிப்பு தோற்றது என்று இதைச் சொல்லவில்லை. அன்றைக்குப் பிறகு விற்பனைப் பிரிவினர் அந்த விஷயமாக என் அறைக்கு வருவது நின்றது. அதற்காகச் சொல்கிறேன்.

எனக்கு மாறுபட்ட கருத்து இருந்ததை அவரிடம் மறுநாள் தனியாகச் சொன்னேன், முடிவு நடைமுறைக்கு வந்த பிறகு. முன்பே சொல்லியிருந்தால் அது கருத்தாக அவர் காதில் விழாது, கட்டளையாக விழும்.

ஜூன் 13

மேலே உள்ள கடைசிப் பத்தியை ஒருவர் கடுமையாகத் தாக்கியிருக்கிறார். 'தலைவருக்குத் தெரிந்ததை மறைத்து வைப்பது பொறுப்பின்மை' என்கிறார். தகவலை மறைக்கக் கூடாது, அதில் இரண்டு பேச்சில்லை. விற்பனைக்காரர் சொன்ன தேதி எனக்கு மட்டும் தெரிந்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். நான் தள்ளிவைத்தது தகவலை அல்ல, என் விருப்பத்தை. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எப்போதும் எளிது என்று நான் சொல்ல மாட்டேன். பெரும் சேதம் வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் காத்திருக்கவும் மாட்டேன். குறுக்கிடுவேன், எல்லோருக்கும் தெரியும்படி, என் பெயரில். பின்வாசல் வழியாக மாற்றுவதுதான் கூடாது.

ஜூன் 15

அமெரிக்கக் கடற்படையின் டேவிட் மார்க்கேயைப் பற்றி இங்கே யாரும் எழுதாதது ஆச்சரியம். 1999-இல் சான்டா ஃபே என்ற அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலின் தலைமையை ஏற்றார். வேறொரு கப்பலுக்காக நெடுநாள் தயாராகிவிட்டுக் கடைசி நேரத்தில் இதற்கு மாற்றப்பட்டவர். ஒரு பயிற்சியின்போது துணை மோட்டாரை ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டும்படி சொன்னார். அந்தக் கப்பலின் மோட்டாரில் அப்படி ஒரு வேகமே கிடையாது. அனுபவம் மிக்க அதிகாரி அதை அறிந்தும் கட்டளையைத் திருப்பிச் சொல்லிக் கீழே அனுப்பினார். கப்பலை ஓட்டும் சக்கரத்தில் இருந்தவர் செய்ய முடியாமல் நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நீங்கள் சொன்னீர்கள், அதனால் என்பதுதான் பதில்.

அதன் பிறகு அவர் கட்டளையிடுவதை நிறுத்தினார். அதிகாரிகள் அவரிடம் வந்து அனுமதி கேட்கக் கூடாது, 'இன்னது செய்யப் போகிறேன்' என்று சொல்ல வேண்டும். ஏன், எப்படிப் பாதுகாப்பானது என்பதையும் அவர்களே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆயுதம் ஏவும் கட்டளையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார். ஜூன் 9 அன்று நான் எழுதிய, திரும்ப முடியாத முடிவு என்பது இந்த வகைதான்.

கேள்வி கேட்டவருக்கு இது நேரடியாக உதவும். 'செய்யலாமா?' என்று வருகிறவரிடம் விடை சொல்லாதீர்கள். 'நீங்கள் என்ன செய்ய இருக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். எரிச்சலோடு கேட்டால் தண்டனையாகிவிடும். நிஜமாகவே அறிய விரும்புகிறவரின் குரலில் கேளுங்கள். முதல் வாரம் இரண்டு பக்கமும் சங்கடமாக இருக்கும்.

ஜூன் 15, இரவு

எதையெல்லாம் கொடுக்கக் கூடாது என்ற கேள்விக்கு: சம்பளம், பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை, இரண்டு உறுப்பினர்களுக்கு இடையே தகராறு. இவற்றை இன்னொருவர் தலையில் கட்டுவது கோழைத்தனம். கெட்ட செய்தியைச் சொல்வதும் அப்படித்தான்.

இன்னொன்று, கொடுத்த பிறகும் பொறுப்பு உங்களிடமிருந்து போய்விடுவதில்லை. மேலாளர் கேட்டால் 'அவர்தான் முடிவு செய்தார்' என்று கை காட்டக் கூடாது. 'எங்கள் முடிவு' என்று சொல்லிவிட்டு, விவரத்தை உள்ளே பேசிக்கொள்ள வேண்டும். பாராட்டு வந்தால் மட்டும் பெயர் சொல்லுங்கள். இதில் ஒரு முறை வழுவினால் அடுத்த நாளிலிருந்து எல்லோரும் எல்லாவற்றுக்கும் எழுத்தில் ஒப்புதல் கேட்பார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஜூன் 18

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருப்பது மகிழ்ச்சி. தாளில் எழுதிப் பார்த்தாராம். பெரும்பாலானவை 'செய்யலாமா' வகை. இரண்டு பேருக்கு அதிகாரத்தை எழுதிக் கொடுத்து மற்ற குழுக்களுக்கும் அறிவித்துவிட்டாராம். ஒருவர் நன்றாகச் செய்கிறார். மற்றவர் இன்னும் ஒவ்வொன்றையும் கேட்கிறார், பக்கத்துக் குழுவின் மூத்தவர் ஒருவரும் அறிவிப்பைக் கண்டுகொள்ளாமல் தலைவரான இவரிடமே வருகிறார். இரண்டாமவரிடமிருந்து திரும்ப வாங்கிவிடலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம், இப்போது வேண்டாம். அந்த இரண்டு செய்திகளும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அந்த மூத்தவர் உங்களிடம் வருவதையும் நீங்கள் விடை சொல்வதையும் உங்கள் உறுப்பினர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அதனால் கேட்டுவிட்டுச் செய்வதே பாதுகாப்பு என்று நினைக்கிறார். அடுத்த முறை மூத்தவர் வரும்போது அவரைத் திருப்பி அனுப்பாதீர்கள், வயதுக்கும் அனுபவத்துக்கும் அது மரியாதையாக இருக்காது. நீங்களே எழுந்து அவரோடு நடந்து உங்கள் உறுப்பினரின் மேசைக்குப் போங்கள். 'இதை முடிவு செய்பவர் இவர்' என்று சொல்லி உட்கார வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தால் இருவரும் உங்கள் முகத்தைப் பார்த்தே பேசுவார்கள்.

அதற்குப் பிறகும் அவர் தயங்கினால் எல்லையைச் சுருக்குங்கள், மொத்தமாக எடுக்காதீர்கள். மூன்று வகை முடிவுகளில் ஒன்றை மட்டும் அவரிடம் விட்டுவிட்டு, மற்ற இரண்டை எப்போது திரும்பத் தருவீர்கள் என்று தேதியோடு சொல்லுங்கள். சுருக்கியதையும் அறிவித்துவிடுங்கள். அறிவிக்காவிட்டால் மற்றவர்கள் பழைய மின்னஞ்சலை நம்பி அவரிடம் போய் நிற்பார்கள், 'அது இப்போது என்னிடம் இல்லை' என்று அவர் ஒவ்வொருவரிடமும் தன் வாயால் சொல்ல வேண்டிவரும்.